வெடிமருந்துக் கப்பல் எங்கே நிற்க வேண்டும்?

என் அருமை மச்சான்,

நீ நலமா என்று கேட்க வழியில்லை. நான் நலமில்லை. கோபத்தில் இருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் தொந்தி குலுங்கும், அதைப் பார்த்து உன் தங்கச்சி சிரிப்பாள். இந்தத் தடவை அவளும் சிரிக்கவில்லை.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன விண்வெளிப் போர் நாவலைச் சென்னையில் ஒருவர் புத்தகமாகப் போடுகிறார் என்றதும், சூலக்கரையில் என் ஆபீஸ் முழுக்க நானே காபி வாங்கிக் கொடுத்தேன். நான்! நம்புவாயா?

போன வாரம் எடிட்டர் திருத்திய பிரதி வந்தது. திருத்தமா அது? உன் படையையே கலைத்துவிட்டார்.

நீ ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வேலை வைத்திருந்தாய். ரோந்துக் கப்பல் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவர வேண்டும், சண்டை போடக் கூடாது. நாசகாரிக் கப்பல்கள் வருகிற ஏவுகணைகளை வழியிலேயே அடிக்க வேண்டும். குட்டி விமானங்களைச் சுமக்கிற தாய்க்கப்பல் பின்னால் பதுங்க வேண்டும். பெரிய போர்க்கப்பல் அடி வாங்கித் தாங்க வேண்டும். எல்லாருக்கும் பின்னால், வெகுதூரத்தில் தன்னந்தனியாக, ‘ராஜாத்தி’ என்ற வெடிமருந்துக் கப்பல்.

எடிட்டர் ரோந்துக் கப்பலைத் தூக்கிவிட்டார், போரடிக்கிறதாம். ராஜாத்தியைப் ‘பாதுகாப்புக்காக’ பெரிய போர்க்கப்பலின் வயிற்றுக்கடியில் ஒட்டி நிறுத்திவிட்டார். பெயரையும் மாற்றிவிட்டார், டவுன் பஸ் பெயர் மாதிரி இருக்கிறதாம். கடைசிச் சண்டையில் அது வெடிக்கிறது. அரை அடி தள்ளி நிற்கிற கேப்டன், தலைமுடி கலையாமல் ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுகிறான்.

நம் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதற்குச் சிரிக்காதா?

போன் போட்டேன். “சார், இது விண்வெளி. உங்க ஊர் பட்டாசு ஆலை இல்லை” என்றார். வாரம் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன், பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் இருமினேன்.

உன் தங்கச்சி போனைப் பிடுங்கினாள்.

“தம்பி, எங்கண்ணன் போர்மேனா இருந்த ஆலையிலதான் நானும் வேலை பாத்தேன். மருந்து கலக்குற ரூம்பு வெடிச்சுச்சு. அதைத் தள்ளிக் கட்டியிருந்தாக. அதனாலதான் நாங்க அம்புட்டுப் பேரும் பிழைச்சோம். அந்த ரூம்புக்குள்ள இருந்தவ பேருதான் ராஜாத்தி. அவளைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தி, ஒண்ணுமே ஆகலைன்னு எழுதுவீகளா?”

அவரோ, அட்டை ஏற்கெனவே தயாராகிவிட்டது என்றார். அட்டையாம்! பிரதியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நீ அந்தப் பெயரை ஏன் வைத்தாய் என்று நீ உயிரோடு இருந்தவரை நான் ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

இப்போது சிவகாசியிலேயே அச்சாகிறது, நீ எழுதியபடி. ரோந்துக் கப்பலும் திரும்ப வந்துவிட்டது. அச்சகத்தில் அட்டை போடுகிறவர் முனகினார்: “என்ன சார், கப்பலெல்லாம் இப்படிச் செதறிக் கிடக்கு? இந்த ஒண்ணு முன்னட்டையிலயே அடங்க மாட்டேங்குது.”

அடங்க வேண்டாம் என்றாள் உன் தங்கச்சி.

சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், புத்தகம் வரும்போது முன்னட்டையில் உன் படை நிற்கும். திருப்பினால் பின்னட்டை முழுக்க இருட்டு. அதன் ஓரத்தில் ஒரே ஒரு கப்பல். பெயர் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவில் இருக்கும்.

இருமுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்