வீட்டில் வேறு யாருக்கு இருமல்

திண்டிவனம்,
12.6.86

அன்புள்ள மாமாவுக்கு, வேணி எழுதுவது.

இரண்டு வாரத்துக்கு முன் அந்த டி.பி. டாக்டரிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. "வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் ஒட்டியிருந்த அம்மைத் தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இல்லைங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அத்தை அப்போது வெளியே பெஞ்சில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நன்றாகக் கேட்டது.

என்னை இங்கே அப்பா வீட்டில் விட பஸ்ஸில் வரும்போதாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் விழுப்புரம் தாண்டியதிலிருந்து டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தீர்கள். என் நோயை உங்கள் அம்மா தலையில் ஏற்றுகிறேன் என்று ஆகிவிடுமே என்று பேசாமல் வந்தேன்.

இப்போது எழுதுவது உங்கள் தங்கை அம்சாவுக்காக. அவளுக்கு முதல் பிரசவம். தாய்வீடு என்று இருப்பது நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்றுதான். வளைகாப்பு முடிந்து அங்கே வந்தால், பிள்ளை பிறந்த பிறகு நீங்கள் எங்கே படுப்பது என்றுகூட யோசிப்பீர்கள். அத்தை எங்கே படுப்பார்கள் என்பதில் யோசனையே இருக்காது. பிள்ளைக்குப் பக்கத்தில்தான். அவள் வருவதற்குள் அத்தையை அதே டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இங்கே தினமும் காலையில் ஊசி. நர்சம்மா நேற்று, "இந்தப் பக்கம் எடம் தீர்ந்துபோச்சு. நாளைக்கு யாருதையாவது எரவல் வாங்கினு வா" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது.

அப்பா தினம் இரண்டு முட்டை வாங்கி வருகிறார். நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். என் கையிலிருந்து ஒரு புத்தகம் இன்னொருவர் வீட்டுக்குப் போவதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலிருப்பதையே மறுபடி படிக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வேணி


விழுப்புரம்,
19.6.86

அன்புள்ள வேணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஷெட்டில் இந்த வாரம் முழுவதும் ராத்திரி டியூட்டி. பகலில் தூங்க முடிகிறதா என்றால் இல்லை. காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. சொசைட்டி மூலம் மிக்சி வாங்கிவிட்டேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதுதான். மூன்று ஜார். அம்மா முதல் நாள் சட்னி அரைக்கும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அடப் பாவி, ஷெட்டு இன்ஜின வூட்டுக்கே இட்டுனு வந்துட்டியாடா" என்றார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள். இல்லாத மாவையெல்லாம் அரைக்கிறார்கள்.

அம்சாவுக்கு ஆனி கடைசியில் வளைகாப்பு. மாப்பிள்ளை தேவநாதன் நாள் பார்த்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.

அம்மா இருமல் உனக்குத் தெரியாதா? எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருமுகிறார்கள். ஷெட்டுப் பக்கம் குடியிருந்தால் கரிப்புகைக்கு யாருக்கும் இருமல் வரும். நீ உன் உடம்பைப் பார். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தட்டையும் டம்ளரையும் அம்மா தனியாகக் கட்டிப் பரணில் போட்டிருக்கிறார்கள். நீ வந்து தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடலாம் என்று எழுதினேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்
சக்கரபாணி


திண்டிவனம்,
2.7.86

அன்புள்ள மாமாவுக்கு,

மிக்சி வந்தது சந்தோஷம். பெரிய ஜாரில் சுடச்சுட எதையும் போட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். மூடி தெறிக்குமாம், எதிர்வீட்டில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கலில் ஒரு கல்யாணம். அப்பாவும் அம்மாவும் போனார்கள். நான் போகவில்லை. அத்தையின் தங்கைமுறை சின்னபொண்ணு சித்தி அங்கே வந்திருக்கிறார். பந்தியில் அம்மா உட்கார்ந்திருப்பது தெரியாமலோ தெரிந்தேதானோ, "பொண்ணு தளதளன்னு கீதுன்னு காட்டிட்டு, உள்ள நோவ வச்சித் தள்ளி உட்டுட்டாங்கோ. எங்க அக்கா சொல்லி அழுவுது" என்றாராம். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அப்பா மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்கச் சத்தம் போட்டுப் பேசுகிறவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நீ ஒண்ணும் பேசாத வேணி. மருந்தத் தின்னு. ஒடம்பு தேறட்டும்" என்றார்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் எனக்கு ஜலதோஷம்கூட அதிகம் வந்ததில்லை. ஒன்றரை வருஷமாக, உங்களுக்கு ராத்திரி டியூட்டி வரும் வாரமெல்லாம் நானும் அத்தையும் உள்ளறையில் ஒரே பாயில் படுத்தோம். கரி வருகிறது என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். விடிகிற வரைக்கும் இருமுவார்கள். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். அத்தை என்னிடம் பிரியமாக இருந்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். ஒரு தடவை, "என் பொண்ணு அம்சாகூட இப்டி தடவ மாட்டா" என்றார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இது குற்றம் சொல்லும் கடிதம் இல்லை.

பரிசோதனை சிரமமே இல்லை. மூடி போட்ட சின்ன டப்பா தருவார்கள். மூன்று நாள், காலையில் எழுந்ததும் வரும் சளி. அவ்வளவுதான். நீங்கள் டியூட்டி முடிந்து வரும் வழியில் கொடுத்துவிடலாம். பிறந்த குழந்தைக்கு ஒட்டினால் தாங்காது என்று நர்சம்மா சொன்னார். நான் யாருக்காகவோ கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

உங்கள்
வேணி


விழுப்புரம்,
16.7.86

வேணிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "எனுக்கு இன்னாடா நோவு? அடுப்ப ஊதிக்கினே கெடந்தவளுக்கு இருமல் வராம இன்னா வரும்? எழுதிக் கேக்கறாளா உன் பொண்டாட்டி?" என்று ஒரே பேஜாராகிவிட்டது. லைன் வீடு முழுக்க வாசலில் நின்று கேட்டார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. நம் வீட்டில் டி.பி. இருக்கிறது என்று எப்படியோ பண்ருட்டியில் அம்சா மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. சின்னபொண்ணு சித்தி வாயாகத்தான் இருக்கும். சம்பந்தியம்மா அம்சாவை அனுப்பமாட்டேன் என்கிறார். வளைகாப்பு ஆனியில் நடக்கவில்லை. ஆடி போகட்டும், ஆவணியில் ஒன்பதாம் மாதம் செய்யலாம், ஆனால் உங்கள் வீடு சுத்தம் என்று தெரிய வேண்டும் என்கிறார். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்காவிட்டால் அம்மா வெளியில் தலைகாட்ட முடியுமா, நீயே சொல்.

மாப்பிள்ளையும் நானும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். நீ உன் கையால் ஒரு கடிதம் எழுது. கல்யாணத்துக்கு முன்பே உனக்கு இருமல் இருந்தது, பயந்து சொல்லாமல் விட்டேன், இப்போது பிறந்தவீட்டில் இருக்கிறேன், அந்த வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை என்று. நாலு வரி போதும். அதைச் சம்பந்தியம்மாவிடம் காட்டினால் தீர்ந்தது. அம்மா மனமும் ஆறிவிடும். மருந்து முடிந்ததும் நானே வந்து உன்னை அழைத்துவருகிறேன். அம்மா உன்னை ஒரு வார்த்தை சொல்லாமல் நான் பார்த்துக்கொள்வேன்.

காகிதத்தில் நாலு வரிதானே வேணி. நமக்குள் எது உண்மை என்று நமக்குத் தெரியும்.

சக்கரபாணி


திண்டிவனம்,
21.7.86

அன்புள்ள மாமாவுக்கு,

"நமக்குள் எது உண்மை என்று நமக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இந்த ஒன்றரை மாதமாக அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நீங்கள் கேட்ட நாலு வரியை எழுதிப் பார்த்தேன். பொய் சொல்ல எனக்கு வராது என்றில்லை. அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தையில் சொன்னேனே. மூன்றாவது வரி வரைக்கும் எழுதிவிட்டேன். "அந்த வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இந்த வரியை நம்பி ஒருத்தி பிள்ளையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் வருவாள்.

அதனால் வேறு கடிதம் எழுதி, நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். சம்பந்தியம்மாவுக்கு இல்லை. அம்சாவுக்கு, அவள் பெயருக்கு. அதில் இருந்ததை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன், மறைத்ததாக வேண்டாம்:

"அன்புள்ள அம்சா, எனக்கு டி.பி. என்று கேள்விப்பட்டிருப்பாய். உண்மைதான். உன் அம்மாவுக்கும் நெடுநாளாக இருமல். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க மூன்று நாள் சளிப் பரிசோதனை போதும். அதன் முடிவை உன் கண்ணால் பார்க்கும்வரை பிரசவத்துக்கு விழுப்புரம் வராதே. என்மேல் கோபம் வந்தால் வரட்டும். உன் அம்மாமேல் எனக்கு ஒன்றும் இல்லை. வேணி."

நீங்கள் இதைப் படிக்கும்போது முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். வெயிலில் ரொம்ப தூரம் போகாதீர்கள்.

ஊசி இந்த வாரத்தோடு நிற்கிறது. இனி மாத்திரை மட்டும். மூன்று கிலோ ஏறியிருக்கிறேன்.

உங்கள்
வேணி


விழுப்புரம்,
18.10.86

வேணிக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுத முடியவில்லை என்றே வைத்துக்கொள்.

அம்சாவுக்குப் பண்ருட்டியிலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. அவள் வருவதற்கில்லை என்று அவளே பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அம்மா போய்ப் பார்த்தார்கள். குழந்தையைக் கையில் கொடுக்கவில்லை. அம்சாதான், "அம்மா, நீ அங்கியே உக்காரு, நான் தூக்கிக் காட்றேன்" என்றாளாம். வாசற்படிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.

வந்ததிலிருந்து ஐந்தாம் நாள் அவர்களே, "வாடா, அந்த டாக்டராண்ட போலாம். பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு சீட்டு வாங்கினு உன் பொண்டாட்டி மூஞ்சில வீசறேன்" என்றார்கள். மூன்று நாள் சளி கொடுத்தோம். மூன்றிலும் கிருமி இருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் வலது பக்கம் பழைய தழும்பு நிறைய என்றார் டாக்டர். வருஷக்கணக்காக இருந்திருக்கும் என்றார்.

அம்மா ரொம்பத் தளர்ந்துவிட்டார்கள். மாத்திரை தின்றால் வாந்தி என்று துப்பிவிடுகிறார்கள். எனக்கு டியூட்டி. சமைக்க ஆள் இல்லை. எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். நீ இப்போது நன்றாகத் தேறியிருப்பாய் என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது. அம்மாவும், "அவள வரச் சொல்லு" என்றுதான் சொல்கிறார்கள்.

சக்கரபாணி


திண்டிவனம்,
25.10.86

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு கொடுக்காதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் ஒரே தடவையாகக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து கேப்பைக் கஞ்சி கொடுங்கள். முதல் இரண்டு வாரம் குமட்டும், பிறகு பழகிவிடும். சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிடப்போகிறார்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்று பசி எடுக்கும். அப்போதுதான் எல்லோரும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. நீங்களும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னோடும் அத்தையோடும் இருந்தவர் நீங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் எழுதியது சரிதான் என்று நீங்கள் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. அது எனக்கு வேண்டவும் வேண்டாம். "தேறியிருப்பாய் என்று நினைக்கிறேன்" என்பதற்குப் பதிலாக, தேறினாயா என்று கேட்டிருக்கலாம். கேள்விக்குறி போட்டு ஒரு வரி.

பெருமுக்கல் பந்தியில் போன பேச்சை யார் போய்த் திருப்பி எடுப்பது என்றும் நீங்கள் எழுதவில்லை. அத்தையின் பரிசோதனை முடிவு சின்னபொண்ணு சித்திக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். என் அம்மா இன்னும் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை.

நான் வரவில்லை மாமா. கோபத்தில் எழுதுவதாக நினைக்கவேண்டாம், கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும். அங்கே வந்தால் அத்தைக்கு நான் நன்றாகத்தான் செய்வேன். அது எனக்குத் தெரியும். செய்துகொண்டே இருப்பேன், ஒருநாளும் யாரும் எதுவும் சொல்லமாட்டீர்கள். அதை நினைத்தால்தான் அயர்ச்சியாக இருக்கிறது. சமையலுக்கு லைன் வீட்டில் யாரையாவது கேளுங்கள்.

ஜனவரியிலிருந்து இங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேரப்போகிறேன். அப்பா புது ரேஷன் கார்டுக்கு எழுதிப் போடுகிறார். என் பெயர் உங்கள் கார்டில் இருக்கிறது. தாலுகா ஆபீசில் அதை நீக்கி, நீக்கியதற்கான சீட்டை அனுப்பிவையுங்கள். அம்சாவின் குழந்தைக்கு என் ஆசிகளைச் சொல்லுங்கள்.

வேணி


விழுப்புரம்,
3.12.86

கிருஷ்ணவேணிக்கு,

பெயர் நீக்கிய சீட்டு இத்துடன் இருக்கிறது. இரண்டு தடவை லீவு போட்டு அலைந்துதான் கிடைத்தது. பத்திரமாக வைத்துக்கொள், இன்னொரு தடவை தரமாட்டார்களாம்.

அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். நானும் படம் எடுத்தேன். ஒன்றுமில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

இந்த மாதம் ரேஷனில் சர்க்கரை இரண்டு பேருக்குத்தான் போட்டார்கள்.

சக்கரபாணி