என் புத்தகத்தின் பதினொரு நகல்கள்

மார்ச் 3, செவ்வாய்

பாடநூல் எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் நாடாளுமன்றக் குழு முன் பேச என்னை அனுப்புகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு பிரிவைச் சேர்க்கப் போகிறார்களாம். வந்துவிட்டால் வகுப்புக்காக யார் புத்தகத்திலிருந்தும் பக்கங்களை அனுமதி கேட்காமல் நகல் எடுக்கலாம். கூடாது என்று நான் சொல்ல வேண்டும். சந்தோஷமாகச் சொல்வேன்.

சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "அண்ணனையும் கூப்பிட்டிருக்காங்க. சட்டம் வேணும்னு பேசப் போறாராம்."

அந்த மனுஷருக்கு எங்கேதான் நாற்காலி போடவில்லை?

மார்ச் 5, வியாழன்

மச்சானும் நானும் கல்லூரிகளில் புள்ளியியல் நடத்துகிறவர்கள், ஒரே வருடம்தான் பாடநூல் எழுதினோம். அவருடையது ஆறு பதிப்பு. என்னுடையது ஒன்று, அதிலும் பாதி பதிப்பகத்தின் கிடங்கில். பொறாமை இல்லை என்று நாட்குறிப்பில்கூடப் பொய் எழுதுவதா? இருக்கிறது. வயிறு எரிகிறது.

மார்ச் 9, திங்கள்

சங்கச் செயலாளர் ஆதாரம் கேட்டார். "உங்க புத்தகத்தையே திருட்டுத்தனமா நகல் எடுத்து விப்பாங்க இல்ல, அதக் கொண்டு போங்க சார்."

வேறொரு கல்லூரி வாசலில் உள்ள நகல் கடைக்குப் போனேன். அலமாரி முழுக்கச் சுருள்கம்பி போட்ட கட்டுகள். நீல அட்டையில் மச்சான், பச்சை அட்டையில் மச்சான், அட்டை இல்லாமல் மச்சான். யாரோ ஒரு மாணவனின் அப்பா போலக் காட்டிக்கொண்டு, என் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

கடைக்காரர் யோசித்தார். "அத யாரும் கேக்குறதில்லையே சார். இத எடுத்துக்கோங்க, நல்லா புரியும்."

மச்சானை என் கையிலேயே கொடுத்தார்.

திருடக்கூட லாயக்கில்லாத புத்தகமா? இதற்கா நாலு வருஷம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன்?

மார்ச் 10, செவ்வாய்

செய்துவிட்டேன். ஊரின் மறுகோடியில், என்னைத் தெரியாத கடை. "பதினொண்ணு போடுங்க" என்றேன். பத்து என்றால் எண்ணி எடுத்த மாதிரி இருக்கும். புள்ளியியல்காரன் புத்தி.

மார்ச் 12, வியாழன்

மச்சான் முதலில் பேசினார். "என் புத்தகத்த நகல் எடுத்துத்தான் பாதிப் பேர் பாஸ் பண்றாங்க. வாங்க வசதியில்லாதவங்க திருடங்களா? சட்டத்த மாத்துங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு பதிப்பு போனவருக்குப் பெருந்தன்மை சுலபம்.

பிறகு நான். பதினொன்றையும் மேசையில் அடுக்கி, "பல கடைகளில் கிடைத்தவை" என்றேன். குழுத் தலைவி ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு மூன்றாவதை.

"எல்லாத்துலயும் ஓரத்துல ஒரே கையெழுத்து இருக்கே சார். 'அடுத்த பதிப்பில் மாற்றுக'ன்னு. யார் எழுதினது?"

என் சொந்தப் பிரதி. வராத அடுத்த பதிப்புக்காகப் பத்து வருடமாய் நான் குறித்துவைத்த திருத்தங்கள். கண்ணுக்குப் பழகிப்போய், நகல் எடுக்கக் கொடுத்தபோது அவை தெரியவே இல்லை.

"அது என்னால வந்தது மேடம்" என்றார் மச்சான், என்னைப் பார்க்காமல். "மாப்பிள்ளையோட பிரதிய நான்தான் இரவல் வாங்கி வகுப்புல குடுத்தேன். அங்கேருந்து கடைக்குப் போயிருக்கும்."

"அப்ப குற்றவாளி நீங்கதானா?" தலைவி சிரித்தார். கூட்டமே சிரித்தது.

தப்பித்தேன். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நல்லவனாக இருப்பதிலும் அவர்தான் முதலிலா?

மார்ச் 13, வெள்ளி

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "அண்ணன் பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல" என்றாள், அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 16, திங்கள்

குழுவுக்குக் கடிதம் போட்டேன். நகல் எடுத்தது நானே, அவர் சொன்னது என் மானத்தைக் காக்க, என் சாட்சியத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. சங்கத்துக்கும் ஒரு பிரதி.

மச்சானிடம் போனில் சொன்னேன். "எதுக்கு மாப்ள, அதான் முடிஞ்சுபோச்சே?"

"உங்க தயவுல தப்பிக்க வேணாம் மச்சான்."

இது நேர்மையா, பொறாமையா? ஒரு தடவையாவது அவரை முந்த வேண்டும் என்றுதானே எழுதினேன். தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். மனைவி மறுபடி பேசுகிறாள்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

சட்டம் நிறைவேறியது. மச்சான் எல்லாச் செய்தியிலும்.

செப்டம்பர் 8, செவ்வாய்

நிகழ்தகவுப் பாடத்தை என் புத்தகத்தை வைத்து இரண்டு முறை நடத்தினேன். வகுப்பில் ஒரு முகமும் தெளியவில்லை.

துறை அறை நகல் இயந்திரத்தில் மச்சானின் மூன்றாம் அத்தியாயத்தை வைத்தேன். இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாருடையது என்று போட்டால் போதும். முதல் பக்கத்தில் அவர் பெயரை நானே எழுதினேன். இயந்திரம் ஓடும்வரை நின்றபடி படித்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. நான் ஏழு பக்கம் இழுத்ததை இரண்டு பக்கத்தில் முடித்திருக்கிறார், பாவி மனுஷர்.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர். முப்பத்துமூன்று நகல் எடுத்தேன்.