தூணில் விட்டுவைத்த எழுத்து

பல்லரோச் சந்தையில் இன்று ஒரு பழைய கடைச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். சீமெந்துப் புழுதி மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது, மச்சான். மரக்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கே இடித்தாலும் நீ அந்தத் தெருவுக்குள் போகமாட்டாய். ஏனென்று எனக்குத் தெரியவரப் பல வருடங்கள் ஆயின.

நாம் இருவரும் ஒரே விடுதியில் அறை துடைத்தோம். ஞாயிறு பூசைக்கு நான் பேராலயத்துக்குள் போவேன். நீ சைவக்காரன், தென்வாசல் மண்டபத்தில் காத்திருப்பாய். அங்கே ஒரு தூணில் அரபு எழுத்து வெட்டியிருக்கிறது. ஒருநாள் நான் வெளியே வந்தபோது உன் உள்ளங்கை அதன்மேல் இருந்தது.

"இது என்னெண்டு இஞ்சை வந்தது?"

விடுதிக்கார சிஞ்ஞோரா, அந்த இத்தாலிய அம்மா, சொன்னதைச் சொன்னேன். கிரேக்கம் பேசிய பேரரசின் காலத்தில் இங்கே ஒரு தேவாலயம் இருந்ததாம். அராபியர் நகரைப் பிடித்துப் பள்ளிவாசலாக்கினார்கள். பிறகு நோர்மானியர் பிடித்து மறுபடி தேவாலயமாக்கினார்கள். தூண் மட்டும் குர்ஆன் வசனத்தோடு நின்றுவிட்டது.

"வெண்டவங்கள் இதை உடைக்கேல்லையோ?"

"இல்லை."

நீ படியில் உட்கார்ந்துவிட்டாய். நம் நாட்டில் சண்டை முடிந்தபின், ஊரைப் பிடித்தவர்கள் உன்னை வேலைக்குக் கூட்டிப்போனதை அப்போதுதான் சொன்னாய். போரில் செத்த நம்மவர்களின் கல்லறைகளை உடைக்கும் வேலை. உன் தம்பியின் கல்லும் அதில் இருந்தது.

"வேறை ஆள் உடைக்கக்கூடாதெண்டு நானே உடைச்சன். பேர் இருந்த துண்டை எடுப்பமெண்டு பாத்தன். தூளாப் போச்சு."

"பயத்திலைதானே செய்தனீ?"

"ஓம். எண்டாலும் கை என்ரை கைதானே."

பிறகு தம்பியின் பெயரை ஒரே ஒருமுறை சொன்னாய். அதைப் பற்றி நாம் மறுபடி கதைக்கவே இல்லை.

போன மாசியில் ஒரேத்தோத் தெருவில், உன் அறையிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். ஊரில் உனக்கென்று ஒருவரும் மிச்சமில்லை, எரிக்க வழியில்லாமல் இங்கேயே புதைத்தோம். கல் வெட்டுகிறவருக்கு உன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே தம்பியின் பெயரையும் எழுதினேன்.

"இவரும் உள்ளே இருக்கிறாரா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை. இவருக்குக் கல் இல்லை" என்றேன்.

அவர் தம்பியின் பெயரையும் வெட்டினார்.

அதோடு உன் பாரம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன், மச்சான். ஆனால் தரை துடைக்கும்போதுகூட, நான் ஒருநாளும் பார்த்திராத அந்த மயானம் கண்முன் வந்துவிடுகிறது. நீ அங்கே இல்லை. உன் தம்பியின் கல்லுக்கு முன்னால், உன் இடத்தில் நான் நிற்கிறேன். சுத்தியல் என் கையில் இருக்கிறது.