பாய்த்துணியில் உன் கட்டைவிரல்

அல்மாடா,
மார்ச் 9, ஞாயிறு.

அன்புத் தங்கை தாசியாவுக்கு,

அண்ணன் ஃபவுஸ்தினோ எழுதுகிறேன். வரிகள் மேலும் கீழுமாக அலைவதற்கு மன்னித்துக்கொள். உனக்கு இதைப் படித்துக் காட்டுகிறவரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது முழுக்க என் கையால் எழுதுவது! எழுபத்து நான்கு வயதில் கற்றுக்கொண்டேன். இரண்டு வரி எழுதுவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

வைத்தியத்துக்காக சான் தோமேயிலிருந்து லிஸ்பன் வந்த ஒருவர் உன் முகவரியைத் தந்தார். நாம் வேலை செய்த அதே தோட்டத்து வாசலில் மீன் பொரித்து விற்கிறாயாம், குரல் அப்படியே இருக்கிறதாம். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

வாரம் இரண்டு நாள் மாதாகோவில் கூடத்தில் என்னைப் போன்ற வயதானவர்களுக்கு எழுத்து வகுப்பு. என் பக்கத்தில் இடலினா உட்காருகிறாள். நாற்பது வருடம் அலுவலகங்களைப் பெருக்கித் துடைத்தவள். “ஏய் கிழவா, உன் எழுத்தெல்லாம் குடிச்சிட்டு வீட்டுக்குப் போற மாதிரி தள்ளாடுதே” என்பாள். “உன்னுது மட்டும் பூசைக்குக் கிளம்பி நிக்குதாக்கும்” என்பேன். டீச்சர் இருவரையும் அதட்டுவாள். இப்போது லிஸ்பனுக்குப் படகில் ஆற்றைக் கடக்கும்போது கண்ணில் படும் பலகையை எல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் வனுசா என்று ஒரு பெண். அவள் பெற்றோரும் நாம் பிறந்த தீவுதான். ஓவியம், சிற்பம் என்று வெளிநாடெல்லாம் போய்வருகிறாள். ஆற்றங்கரையில் ஒரு பழைய கிடங்கில் கண்காட்சி வைக்கப் போகிறாள். “பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த கப்பல் கதையில ராஜா இருந்தாரு, மாலுமி இருந்தான், காத்துகூட இருந்துச்சு மாமா. கீழ்த்தட்டுல யார் படுத்துக் கிடந்தாங்கன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல” என்றாள். அதற்காக, நம் தீவிலிருந்து சான் தோமே தோட்டங்களுக்கு நம்மை ஏற்றிப்போன கப்பலின் பதிவேட்டைத் தேடி எடுத்து, ஒரு பெரிய கப்பல் பாய்த்துணியில் அச்சிட்டிருக்கிறாள்.

போன வாரம் அங்கே கூட்டிப்போனாள். துணிக்குப் பின்னால் காற்றாடி ஓடுகிறது. துணி மெல்ல உப்புகிறது, மெல்ல அடங்குகிறது. அதில் நம் கைநாட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு களம் அளவுக்கு. ரேகைகள் நம் ஊர் மலைச்சரிவின் சோள வரப்புகள் போல வளைந்து போகின்றன. நான் அதற்குள் நடந்தேன் தாசியா. மழை பெய்திருந்தது. சோளம் இடுப்பளவு நின்றது. காலடியில் தரை கப்பல்போல் ஆடியது. ஜன்னலுக்கு வெளியே, அந்தக் காலத்துக் கடலோடிகளின் நினைவாகக் கல்லில் செய்த கப்பல் ஒன்று உண்டு. அதில் நிற்கும் கல் பிரபுக்கள் கழுத்தை நீட்டி நம் துணியை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

“எழுதியிருக்கிறதை நீங்களே படிங்க மாமா” என்றாள் வனுசா. என் பெயரைப் படித்துச் சிரித்தேன். அதற்குக் கீழே உன் பெயர். அனஸ்தாசியா. வயது பதினெட்டு.

சிரிப்பு நின்றுவிட்டது.

உனக்கு அப்போது பதினான்கு. மழை பொய்த்து, அம்மாவையும் புதைத்தபின் உன்னை யாரிடம் விட்டுப் போவது என்று தெரியவில்லை. பதினெட்டு ஆகாதவர்களை ஏற்றமாட்டோம் என்றார் தோட்ட வேலைக்கு ஆள் எடுத்த குமாஸ்தா. உனக்குப் பதினெட்டு என்றேன் நான். உன் விரலைப் பிடித்து மையில் அழுத்தியதும் நான்தான். பிறகு தோட்டத்தில் நீ காய்ச்சலில் கிடந்து, ஊருக்கு அனுப்பச் சொல்லி அழுதபோது, மேலாளர் உன் கைநாட்டு இருந்த தாளைக் காட்டி, ஒப்பந்தம் முடியும்வரை போக முடியாது என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்னைச் சிறையில் போடுவார்கள் என்று பயந்தேன். அடுத்த வருடம், சோப்பு வாங்கி வருகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, லிஸ்பன் போகும் சரக்குக் கப்பலில் தனியாக ஏறிவிட்டேன்.

இதை எல்லாம் இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க முடியவில்லை. ஐம்பது வருடம் கடிதம் வராததற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஏப்ரல் கடைசியில் திறப்புவிழா. அந்தப் பட்டியலை எல்லார் முன்னாலும் நான் வாசிக்க வேண்டும் என்கிறாள் வனுசா. உன் வயது பொய் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் கேட்க வேண்டும். உன் விரல் அங்கே தொங்கலாமா? வேண்டாம் என்றால் கழற்றச் சொல்கிறேன். சரி என்றால் பதினான்கு என்று வாசிக்கிறேன், பொய் சொன்னவன் யார் என்பதையும் சேர்த்து. உன் சொல் எதுவோ அதுதான்.

நம் வழக்கத்தில் இளையவர்தான் கை நீட்டி ஆசி கேட்பார்கள். இன்று மூத்தவன் நீட்டுகிறேன். தரமாட்டேன் என்றாலும் உனக்கு அந்த உரிமை உண்டு. மீன் பொரிக்கும்போது எண்ணெய் தெறிக்காமல் பார்த்துக்கொள்.

அடுத்த ஞாயிறும் எழுதுவேன். நிறுத்து என்று நீ சொல்லும்வரை எழுதுவேன்.

உன் அண்ணன்,
ஃபவுஸ்தினோ