ஒரே ஒரு திட்டு

சத்தமே போடாத எங்கள் சாமியார் அப்பாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை உங்கள் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டவன் நான்தான். ஒரு வாய் குடித்ததும் முகம் அஷ்டகோணலானது. அப்புறம் தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தீர்கள். அதைப் பார்த்து அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். இந்த மாதம் நம் சமையலறையில் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

ஆபரேஷன் செய்த தொண்டை ஆறிவிட்டது, இனிமேல் பேசிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி ஆறு நாளாகிறது. நீங்கள் வாயையே திறக்கவில்லை. நாளைக்கு அவர் மறுபடி பார்க்கப் போகிறார்.

எனக்கென்ன! திட்டு விழாத வீடு சொர்க்கம் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிகிறேன். உங்கள் செருப்பை ஒளித்தேன், கண்ணாடியில் சோப்பைத் தடவினேன், கேட்க ஆளில்லை.

“அப்பாவைச் சும்மா விடேன்டா, உனக்குப் பயமே கிடையாதா?” என்றாள் அம்மா.

“பயமா? எனக்கா?” என்றேன்.

அது பொய்ப்பா. ஒவ்வொரு தடவையும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபத்திலாவது ஒரு “டேய்” வந்துவிடாதா என்றுதான் இத்தனையும். நாளை டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். குரல் எப்படி வந்தாலும் சிரிக்க மாட்டேன்.

திட்டு வாங்கக் காத்திருக்கும்
உங்கள் தறுதலை