செம்பூர் பாலத்துக் காட்சி

உங்களுக்கு நமஸ்காரம்.

மாலை வகுப்பில் சேர்ந்து சினிமா எடுக்கக் கற்கப்போகிறேன் என்றபோது சிரித்தீர்கள். எனக்கும் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. இப்போது வெளிச்சத்தை அளந்து படமெடுக்கவும், சுருளை வெட்டிப் பசையால் ஒட்டவும் தெரியும். எங்கள் மாணவர் படத்தின் தொடக்கத்தை எடுத்தது நான்தான். காலையில் இங்கே பக்கத்திலிருக்கும் செம்பூர் ஸ்டேஷன் பாலத்திலிருந்து இறங்கி வரும் ஜனங்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்தது, சுருள் கழுவி வந்த பிறகுதான் தெரிந்தது.

நேற்று அதை உங்கள் தம்பி ஜகந்நாதனுக்குப் போட்டுக் காட்டினேன். இன்று காலையே வந்து நின்றார்.

“மன்னி, நடுவுல அந்தத் துண்டை மட்டும் கட் பண்ணிடுங்கோ. அண்ணா சொல்லச் சொன்னார்.”

“கல்கத்தாவுல இருக்கற அண்ணாவுக்கு அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சுது?”

கொடுத்த காப்பியைக்கூட அவர் குடிக்கவில்லை.

நான் வெட்டமாட்டேன். ஃபோகஸ் அவ்வளவு துல்லியமாக விழுந்த காட்சி அது. உங்கள் தோளில் இருக்கும் குழந்தை காமிராவைப் பார்த்துக் கையாட்டுகிறது. படத்துக்கு உயிரே அதுதான் என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். யார் குழந்தை என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை மாட்டுங்காவில் எல்லோருக்கும் திரையிடுகிறோம். உங்கள் ஆபீஸ்காரர்களையும் அழைத்திருக்கிறேன்.

கல்கத்தா விலாசத்துக்குப் போடாமல் இதை ஜகந்நாதனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

வேறொரு காட்சியை நானாகவே வெட்டினேன். நம் வீட்டு வாசலில் எடுத்தது. கதவில் உங்கள் பெயர்ப்பலகை கண்ணை உறுத்தியது. காட்சியை நீக்கிய கையோடு, திருப்புளியை எடுத்துப் பலகையையும் கழற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
மாட்டுங்கா வீட்டில் இருப்பவள்