பெயர் வெட்டிய தட்டு

செஞ்சி
20-8-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சலேத்து எழுதுவது. நைனா, அண்ணன், கிரைண்டர் எல்லோரும் இங்கே நலம். உன் வயிற்றுத் தையல் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

சித்தி உன் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டியதற்கு என் மேல் கோபமாக இருப்பாய். இரு. ஆஸ்பத்திரியிலிருந்து தொண்டூரில் சித்தி வீட்டில் போய் இறங்கியதும் நீ போனிலேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டாய். "மோட்டார் போட்டியா, பால இறக்குனியா, உங்க நைனா சட்டைய ஊற வச்சியா?" சிக்னல் கிடைக்கவில்லை என்று மாடிப்படி வேறு ஏறினாயாம். கர்ப்பப்பை எடுத்த உடம்பு, ஆறு வாரம் படி ஏறக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது, உள்தையல் பிரிந்தால் மறுபடியும் அறுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது நீ தலையாட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதனால் இனி கடிதம்தான். சித்தப்பா மல்லாட்டை மூட்டையோடு மார்க்கெட் கமிட்டிக்கு வரும்போது வாங்கிக்கொண்டு வருவார், கொடுத்தும் விடுவார். எனக்கும் இதுதான் வசதி. போனில் பேசு என்றால் எனக்கு "ம்" மட்டும்தான் வரும். உனக்குத் தெரியாததா?

மாவு வியாபாரம் நிற்கவில்லை. விடிவதற்குள் ஆட்டி, முந்தின நாள் மாவைப் பாக்கெட் கட்டிவிடுகிறேன். வாசலில் நின்று விற்கத்தான் முடியவில்லை. ஜன்னலில் பாக்கெட்டை அடுக்கிவிட்டு, திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். நேற்று வசந்தா அக்கா வந்து, "இன்னாடி இது, மாவு தானா வந்து ஜன்னல்ல குந்திக்கினு இருக்குது, வூட்ல ஆளு கீதா இல்லியா?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். நான் மூச்சு விடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோட்டைக் குரங்கு ஒன்று ஒரு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட்டது. கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். "கொரங்கு வந்தாத்தான் இவ வெளிய வருவா போலக்குது" என்று அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பாத்திரம் கழுவி அடுக்கும்போது கவனித்தேன். நைனா தட்டில் நைனா பெயர் வெட்டியிருக்கிறது. அண்ணன் தட்டில் அண்ணன் பெயர். நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று ஞானத்தாய் கொடுத்த தட்டில் என் பெயர். மீதி இருப்பதெல்லாம் உன் கல்யாணத்துக்கு வந்தவை. துரைக்கண்ணு அன்பளிப்பு, இன்னார் அன்பளிப்பு என்று ஊரில் உள்ளவர்கள் பெயரெல்லாம் அவற்றில் இருக்கிறது. உன் தட்டு எது? நைனாவையும் அண்ணனையும் கேட்டேன். இருவரும் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். நீ அடுப்படியில் நின்றபடி சோற்றுக் குண்டான் மூடியில்தானே சாப்பிடுவாய்? தினமும் பார்த்த காட்சிதான். எனக்கு நேற்றுதான் உறைத்தது.

உன் மகள்,
சலேத்து


தொண்டூர்
24-8-2025

என் கண்ணு சலேத்துக்கு,

அம்மாவின் முத்தங்கள். தையல் காய்ந்து வருகிறது. அரிப்பு இருக்கிறது, ஆறுகிற அரிப்புதான் என்று நர்ஸம்மா சொன்னார்.

உன் சித்தி பாக்கியம் என்னைப் பிள்ளை பெற்றவளைப் போலப் படுக்க வைத்திருக்கிறாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கீரையாவது ஆய்ந்து தருகிறேன் என்றால், "கைய மடியில வச்சிக்கினு குந்து. கீர ஒண்ணும் அழுவாது" என்கிறாள். போனைப் பூட்டச் சொன்னது நீதான் என்றும் சொல்லிவிட்டாள். வாயில்லாப் பூச்சி என்று உன்னை நினைத்தேன், எனக்கே பூட்டுப் போட்டுவிட்டாய்.

தட்டைப் பற்றிப் பெரிய விஷயமாக எழுதியிருக்கிறாய். எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு இன்னொரு தட்டு கழுவுவானேன் என்று மூடியில் போட்டுக்கொள்வேன். ஒரு தட்டு கழுவும் வேலை மிச்சம். அவ்வளவுதான். இதற்குப் போய் நைனாவை யோசிக்க வைத்தாயா? பாவம் அவர்.

வியாபாரம் நிற்கவில்லை என்று எழுதினாயே, ஓர் இட்லிகூடக் கல்லாக வரவில்லையா? நம்பமாட்டேன். உண்மையை எழுது. உன் அண்ணன் லாரன்ஸ் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் கிரீஸ் துணியைத் தனியாகப் போடச் சொல்.

உன் அம்மா


செஞ்சி
29-8-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சரி, உண்மை. இட்லி கல்லாக வந்தது. புது உளுந்துக்குத் தண்ணீர் போதவில்லை. வசந்தா அக்கா ஓர் இட்லியைக் கையோடு கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்றது. "திரைக்குப் பின்னால குந்திக்கினு இருக்கறவளே, இத உங்க நைனா ஆட்டோ சக்கரத்துக்கு அண்ட குடுக்கலாம்" என்றார். அழுகை வந்தது. ஆனால் அழுதால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். திரையை விலக்கி, "நாளைக்கு நல்ல மாவு தர்றேங்கா, அதுக்குக் காசு வேணாம்" என்றேன். அவர் இட்லியைக் கீழே இறக்கினார். "அட, பேசுது!" என்றார்.

மறுநாள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. வசந்தா அக்கா இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். இப்போது திரையைக் கழற்றிவிட்டேன். அதைத் துவைக்கவும் வேண்டியிருந்தது.

ஒன்பதாவதோடு நான் நின்றபோது, பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கிற வேதனை போனதே என்றுதான் நினைத்தேன். வீட்டில் இருந்தால் சும்மா இருக்கலாம் என்று எண்ணம். நீ செய்ததில் பாதியைத்தான் அப்போது நான் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியை இப்போது என் இடுப்பு சொல்கிறது. நீ எப்படி அம்மா செய்தாய், ஒரு தடவைகூட உட்காராமல்?

உன் மகள்,
சலேத்து


தொண்டூர்
2-9-2025

கண்ணு சலேத்து,

நீ திரையைக் கழற்றியதைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். சித்தப்பாவிடமும் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தாள், அவளிடமும் காட்டினேன்.

இப்போது ஒரு விஷயம். எட்டாம் தேதி மாதா திருவிழா. உன் பெரிய அத்தை குடும்பத்தோடு வருவார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு திருவிழாவுக்கும் நான் அடுப்படியில் இல்லாமல் இருந்ததில்லை. கறிக்குழம்பு உன்னால் ஆகாது. அத்தை வாயைப் பற்றி உனக்கே தெரியும். நான் இல்லாத வீட்டில் இலை போட்டார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்வார். எனக்கு இப்போது வலியே இல்லை. ஏழாம் தேதி காலை பஸ்ஸில் ஏறிவிடுவேன். சித்தியிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. குடம் தூக்கமாட்டேன். அடுப்பு வேலை மட்டும்தான்.

உன் அம்மா


செஞ்சி
4-9-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வராதே. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

அடுப்பு வேலை மட்டும் என்று நீ சொல்வாய். அப்புறம் அரிசிக் குண்டானை யார் இறக்குவது? அத்தை பிள்ளைகளுக்கு இலை யார் போடுவது? குனியாமல் இலை போட முடியுமா? அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நைனா உட்கார்ந்திருந்த மாதிரி அவரை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. ஆட்டோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஓட்டுவது என்று தெரியாதவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

என்னால் முடியும் என்று நீ நம்பவில்லை. நேற்று எப்படி இருந்தது என்று அப்படியே எழுதுகிறேன், படித்துப் பார். விடிவதற்குள் மாவு ஆட்டியாயிற்று. தண்ணீர் பிடித்தேன். நைனாவுக்கும் அண்ணனுக்கும் சுடச்சுட இட்லி போட்டேன், இரண்டு சட்னி. இருவரும் இன்னும் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டார்கள். அதற்குள் மாவுக்கு ஆள் வந்துகொண்டே இருந்ததால், மிச்சமிருந்த உடைந்த இட்லியை மூடியில் போட்டு, அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொண்டேன். ஒரு தட்டு கழுவும் வேலையும் மிச்சம். பிறகு துணி துவைத்து, மதியத்துக்குச் சாம்பார் வைத்து, சாயங்காலம் மறுநாளைக்கு அரிசி ஊறப் போட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. பார்த்தாயா, நீ செய்வதைப் போலவேதான் எல்லாம் நடக்கிறது. பிறகு எதற்கு வருகிறாய்?

கறிக்குழம்பு எனக்கு ஆகாது என்றால் எழுதி அனுப்பு. படித்துச் செய்கிறேன். படிக்கத்தான் எனக்கு வருமே.

உன் மகள்,
சலேத்து


தொண்டூர்
6-9-2025

சலேத்து,

சித்தப்பா கிளம்ப அவசரப்படுத்துகிறார், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பஸ்ஸுக்குப் பை கட்டி வைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்தேன். மூடி என்று வந்த இடத்தில் நின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். மறுபடியும் அங்கேயே நின்றேன். பையைப் பிரித்துப் புடவைகளைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டேன்.

தட்டு எங்கே என்று என்னைக் கேட்டவள் நீ. உனக்கு ஞானத்தாய் கொடுத்த தட்டு இருக்கிறது. அதை அலமாரியில் விட்டுவிட்டு, உடைந்த இட்லியை மூடியில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். அதையும் பெருமையாக எழுதுகிறாய். நான் எழுதிய வார்த்தையையே எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறாய், அதுகூட உனக்குத் தெரியவில்லை. உனக்கு நான் மாவு ஆட்டச் சொல்லித் தந்தேன். இதைச் சொல்லித் தரவே இல்லையே. பார்த்தே பழகிக்கொண்டாயா?

நான் நாளைக்கு வந்தால், தையல் பிரியாமலே போகலாம். ஆனால் வயிற்றை அறுத்தாலும் அடுப்புக்கு வந்து நிற்க வேண்டும் என்று நீ அதையும் பழகிக்கொள்வாய். நாளைக்கு நீ ஒரு வீட்டுக்குப் போய் அப்படி நின்றால் நான் எந்த முகத்தோடு உன்னை உட்காரச் சொல்வேன்? அதனால் வரமாட்டேன். இருபத்தெட்டாம் தேதி வரை இந்தக் கட்டிலைவிட்டு நகரமாட்டேன். அத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

நீயும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். உன் தட்டை எடு. நைனாவோடு உட்கார். முழு இட்லியைப் போட்டுக்கொள். வேண்டியவர்கள் எழுந்து போய்ச் சட்னி எடுத்துக்கொள்ளட்டும். லாரன்ஸிடம் ஆள் விட்டு விசாரிப்பேன். நின்றுகொண்டு சாப்பிட்டாய் என்று காதில் விழுந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன்.

கறிக்குழம்பு பக்குவம் பின்பக்கத்தில் இருக்கிறது. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடு.

உன் அம்மா


செஞ்சி
10-9-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நைனாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் தட்டைத் தானே கழுவி வைத்தார். நீ எழுதியதற்கு எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். எந்த நாளிலிருந்து அப்படி நிற்க ஆரம்பித்தேன் என்று எனக்கே நினைவில்லை அம்மா.

திருவிழா நன்றாக நடந்தது. அண்ணன் தண்ணீர் தூக்கினான். நைனா வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டார், அது வெங்காயத்துக்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். குழம்பில் உப்பு ஒரு கல் கூட. அத்தை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார். "உப்பு தூக்கலாக் கீது. உங்கம்மாளுக்கு இன்னாத்துக்கு இன்னும் ரெஸ்ட்டு? நாங்கல்லாம் ஆபரேசன் பண்ணிக்கினு வந்த வாரமே களத்துல நின்னோம்" என்றார்.

நான் பரிமாறும் கரண்டியோடு அத்தை எதிரில் நின்றிருந்தேன். வழக்கம்போல எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. ஆனால் கேட்டுவிட்டேன். "அப்ப உனக்கு யாருமே ரெஸ்ட்டு குடுக்கலியா அத்த?"

எதிர்த்துப் பேசவில்லை அம்மா, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அத்தை கையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எவ குடுத்தா?" என்றார் மெதுவாக. பிறகு நைனாவைப் பார்த்து, "டேய் ஆரோக்கியம், உம் பொண்ணுக்கு எப்படா வாயி மொளச்சுது?" என்றார். பக்கத்தில் இடம் விட்டு, "கரண்டிய அவங்கிட்ட குடு. நீ குந்து, துன்னு" என்றார். லாரன்ஸ் அண்ணன்தான் மீதியைப் பரிமாறினான். ரசத்தை மோர் என்று ஊற்றிவிட்டான், அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நேற்று பஜாருக்குப் போனேன். தனியாக. பாத்திரக்கடைக்காரர், "கல்யாணத்துக்கு வைக்கவா? யாரு அன்பளிப்புன்னு வெட்டணும்?" என்று கேட்டார்.

"அன்பளிப்பு இல்ல. வூட்ல சாப்புட."

"அப்ப உங்க நைனா பேரச் சொல்லு."

"நைனாவுக்கு இருக்குது. ஸ்டெல்லான்னு வெட்டுங்க. அது மட்டும் போதும்."

நான் சொன்னது வெளியே நின்றிருந்த பூக்காரிக்கும் கேட்டது, திரும்பிப் பார்த்தாள். மெஷின் கிர்ர் என்று ஓடியது. புள்ளி புள்ளியாக உன் பெயர் வந்தது. விளிம்பு அகலமான தட்டு அம்மா, குழம்பு வழியாது. என் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதில் யாரும் இன்னும் சாப்பிடவில்லை.

உன் மகள்,
சலேத்து


தொண்டூர்
25-9-2025

என் தங்கத்துக்கு,

டாக்டரம்மா பார்த்துவிட்டார். உள்தையல் நன்றாகக் கூடிவிட்டதாம். "சொன்ன பேச்சக் கேட்ட ஒரே ஆளு நீதாம்மா" என்றார். கேட்கவைத்த ஆள் செஞ்சியில் இருக்கிறாள் என்றேன்.

பஜாரில் என் பெயரைச் சொன்னாய் என்று படித்ததிலிருந்து எனக்குள் ஒரு மிதப்பு. என் பெயரை நானே சொல்லி நாளாகிறது. மாவுக்காரம்மா, லாரன்ஸ் அம்மா, ஆட்டோக்காரர் சம்சாரம் என்றுதான் எனக்கும் பழக்கம். நீ கடை வாசல் வரை கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாய், திரைக்குப் பின்னால் இருந்த என் பெண்.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன். முதலில் யாரோ கூப்பிடுவது போலவே இருந்தது. எழுந்து எழுந்து பார்த்தேன். இப்போது சித்தியிடம் ரசம் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன். சூடான சோறு இவ்வளவு ருசியா என்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு லாரன்ஸ் வரட்டும், பையை அவன் தூக்கட்டும். நீ வாசலுக்கு ஓடிவராதே. உன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடு. என் தட்டைப் பக்கத்தில் வை. நான் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அம்மா,
ஸ்டெல்லா